செஞ்சிச் சீமையின் சரித்திரம் – 23: பட்டாதாரும் உச்ச நீதிமன்றமும்

செஞ்சிக் கோட்டையில் கல்யாண மஹாலைப் பார்த்துவிட்டு ராஜகிரியின் மேல் ஏறத் தொடங்குகிறவர்கள், அடிவாரத்தில் வளைந்த கூரையும் தடித்த சுவர்களுமாக நிற்கும் களஞ்சியங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்து போவதே வழக்கம். ஆயினும் இந்தச் சரித்திரத்துக்கு மலையுச்சியிலுள்ள பீரங்கியைவிட அடிவாரத்துக் களஞ்சியமே அதிகம் பயன்படும். நாயக்கரும் பீஜப்பூராரும் மராட்டியரும் மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக இம்மலைகளைப் பற்றியதெல்லாம், சுற்றியுள்ள ஏரிப் பாசன நன்செயிலும் கிணற்றுப் புன்செயிலும் விளைந்ததில் ஒரு பங்கைத் தமதாக்கிக்கொள்ளும் உரிமைக்காகவே என்று சொன்னால், அது முழு உண்மையாகாவிடினும் பெரும் பொய்யும் ஆகாது. 1714-இல் தேசிங்கு ராஜன் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு பொருது மாண்டதைக் கதைப்பாட்டாகப் பாடி நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்ணீர் விட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு மூலகாரணமோ கப்பப் பாக்கி. வரி எவ்வளவு, அதை விதிக்கும் அதிகாரம் எவருக்கு என்ற வழக்கு அந்நாளில் குதிரை மேல் ஏறித்தான் தீர்க்கப்பட்டது. மூன்றாமவர் ஒருவர் நடுவில் அமர்ந்து இரு தரப்பையும் விசாரித்து, அரசனே ஆனாலும் இதற்கு மேல் எடுக்கலாகாது என்று சொல்லக்கூடும் என்ற எண்ணத்துக்கே அங்கு இடமிருக்கவில்லை.

1801-இல் கர்நாடக நவாபின் ராஜ்ஜியம் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்கு வந்தபின், தாமஸ் மன்றோவின் பெயரோடு பிணைந்த ரயத்துவாரி முறை தென்னார்க்காடு ஜில்லாவில் நிலைபெற்றதையும், ஜமீன்தார் என்ற இடையாள் இல்லாமல் சர்க்காரும் குடியானவனும் நேருக்கு நேர் நிற்கலானதையும் முந்தைய அத்தியாயங்களில் கண்டோம். கிஸ்தியைக் கட்டும்வரை நிலம் பட்டாதாருடையது. அவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம். ஆனால் கிஸ்தி இவ்வளவென்று சர்க்கார் தீர்மானித்துவிட்டால், ஜமாபந்தியில் தாசில்தாரிடமும், பிறகு கலெக்டரிடமும், அதற்கும் மேலே ரெவினியூ போர்டாரிடமும் மனுக் கொடுக்கலாமே ஒழிய, உயர்நீதிமன்றத்தின் படியேறி நியாயம் கேட்க வழி கிடையாது. வருவாய் விஷயங்களில் உயர்நீதிமன்றங்களுக்கு ஆதி விசாரணை அதிகாரம் இல்லை என்ற தடை, கம்பெனியார் காலத்தில் விதிக்கப்பட்டு, 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டத்தில் 226-ஆம் பிரிவாகவும் இடம்பெற்றிருந்தது. 1950 ஜனவரி 26-இல் அமலுக்கு வந்த அரசியலமைப்பின் 225-ஆம் பிரிவு, அந்தத் தடை இனிச் செல்லாது என்று ஒரு சிறு வாக்கியத்தால் அதை ஒழித்தது. குடியரசு தினத்தன்று மேடையேறுவோர் எவரும் இந்த வாக்கியத்தை எடுத்துச் சொல்வதில்லை. செஞ்சித் தாலுகாவின் பட்டாதாருக்கோ, மேற்கோளாகச் சொல்லப்படும் பல பெரிய வாக்கியங்களைக் காட்டிலும் இதுவே அதிகப் பிரயோஜனமுள்ளதாயிருந்தது.

ஆக, சர்க்காரின் பொருளாதாரச் சட்டங்களுக்கும் பிரஜைக்கும் நடுவே நீதிமன்றம் வந்து நிற்கத் தொடங்கிய காலம் 1950-இல் பிறக்கிறது. அது நிலத்தைப் பொறுத்தமட்டில் 1964-இல் பெரும்பாலும் முடிந்துபோனது. அந்தப் பதினான்கு ஆண்டுகளின் கதையே இந்த அத்தியாயம்.

முதல் அடி விழுந்தது நிலத்தின் மேலன்று, பீடியின் மேல். மத்திய மாகாணங்களும் பீராரும் சேர்ந்த பழைய மாகாணத்தில், வயலில் வேலை மும்முரமாக நடக்கும் பருவத்திலும் கூலியாட்கள் நிழலில் உட்கார்ந்து பீடி சுற்றப் போய்விடுகிறார்கள், உழவுக்கு ஆள் கிடைப்பதில்லை என்ற முறையீட்டின்மேல், பருவ காலத்தில் குறிப்பிட்ட கிராமங்களில் பீடித் தொழிலையே தடைசெய்ய அதிகாரமளிக்கும் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. அதன்படி சாகர் ஜில்லாவின் துணை ஆணையர் 1950 ஜூலை முதல் செப்டம்பர் வரையில் ஒரு முறையும், அக்டோபர் 8 முதல் நவம்பர் 18 வரையில் மறுமுறையும் தடையுத்தரவு போட்டார். பீடிக் கம்பெனி முதலாளி ஒருவரும், பீடித் தொழிலாளி ஒருவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றத்துக்கு மனுப் போட்டனர். சிந்தாமன் ராவ் வழக்கு என்று வழங்கும் இதில் 1950 நவம்பர் 8-இல் நீதிபதி மகாஜன் எழுதிய தீர்ப்பு, அந்தச் சட்டம் செல்லாது என்றது. ஏர் பிடிக்கவோ களையெடுக்கவோ இயலாத கிழவிகளும் நோயாளிகளும் ஊனமுற்றோரும் சிறுவருங்கூட வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இலை சுருட்டக் கூடாதென்பது விவசாயத்துக்கு எவ்வகையில் துணை செய்யும் என்பதே நீதிபதியின் கேள்வி. நோக்கம் நல்லதாயிருந்தாலும் அதற்குத் தேவையான அளவுக்கு மேல் சட்டம் கையை நீட்டிவிட்டது. தொழில் செய்யும் உரிமையின்மேல் விதிக்கப்படும் கட்டுப்பாடு நியாயமானதாயிருக்க வேண்டும் என்ற அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவுக்கு அது ஒவ்வாது என்றார் அவர்.

கடலைக்காய் பிடுங்கும் நாட்களில் ஆள் தேடி அலைந்து அனுபவப்பட்ட நம் பக்கத்துச் சம்சாரிகள், சாகர் ஜில்லா நிலக்காரர்களின் சங்கடத்தை உடனே புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்தச் சங்கடத்தைத் தீர்க்க ஒரு வழி கூலியை உயர்த்துவது. சட்டமோ கூலிக்காரனின் மற்றொரு பிழைப்பை அடைப்பதைத் தேர்ந்தெடுத்தது. தொழிலாளர் நலனுக்கென்று சர்க்கார் செய்யும் சட்டங்களை நீதிமன்றங்கள் தடுத்த கதையைச் சொல்ல வருகிறவர்கள், இந்தச் சட்டம் எவருடைய நலனுக்காக எழுந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் கதை அமெரிக்காவில் வேறு விதமாக நடந்தது. நியூயார்க் ராஜ்யத்தில் ரொட்டிக் கடைத் தொழிலாளிகளை நாளொன்றுக்கு 10 மணியும் வாரத்துக்கு 60 மணியுமே வேலை வாங்கலாம் என்று விதித்த சட்டத்தை, 1905-இல் லாக்னர் என்ற ரொட்டிக்கடைக்காரரின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்துக்கு விரோதமென்று தள்ளியது. ஒரு குறிப்பிட்ட பொருளாதாரக் கொள்கையை அரசியலமைப்பின் வாயில் திணிக்கலாகாது என்ற கருத்தில் நீதிபதி ஹோம்ஸ் எழுதிய மறுப்புரை மட்டும் எஞ்சியது. ‘சட்டத்தின் உரிய முறை’ என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய ஒரு தொடரை ஆதாரமாகக் கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குறைந்தபட்சக் கூலிச் சட்டங்களையும் பல ஒழுங்குமுறைச் சட்டங்களையும் அந்நீதிபதிகள் வெட்டிச் சாய்த்தனர். 1937 பிப்ரவரியில், நீதிபதிகளின் எண்ணிக்கையையே கூட்டிவிடுவதாக ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு மசோதாவைக் கொண்டுவந்ததும், அடுத்த மாதமே எல்சி பாரிஷ் என்ற ஓட்டல் பணிப்பெண்ணின் குறைந்தபட்சக் கூலி வழக்கில் நீதிமன்றம் தன் பழைய வழியைக் கைவிட்டதும் உலகறிந்த செய்திகள். அச்சத்தால் மாறினார்களா, அதற்கு முன்பே மாறியிருந்தார்களா என்று அங்குள்ள சரித்திரக்காரர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். நமக்கு அது வேண்டாம்.

நமக்கு வேண்டியது, அந்த அனுபவம் சென்னையிலிருந்து சென்ற ஒரு மேதையின் வழியாக நம் அரசியலமைப்புக்குள் நுழைந்த விதம். சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக 1929 முதல் 1944 வரை விளங்கிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் நிர்ணய சபையில் தொடக்கத்தில் அமெரிக்கத் தொடருக்கு ஆதரவாயிருந்தவர். சபையின் ஆலோசகரான பி. என். ராவ் 1947-இன் இறுதியில் அமெரிக்கா சென்று நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டரைக் கண்டு பேசித் திரும்பியபின், அத்தொடர் வேண்டாம் என்ற கருத்து வலுப்பெற்றது. அல்லாடியும் மனம் மாறினார். சமூக சீர்திருத்தச் சட்டங்களைச் சில நீதிபதிகளின் சொந்தப் பொருளாதாரக் கொள்கைக்குப் பலியிட நேரும் என்பதே அவர் கொண்ட பயம். 21-ஆம் பிரிவில் ‘சட்டம் வகுத்த நடைமுறை’ என்ற வேறு தொடர் அமர்ந்தது. ஆனால் 1948 டிசம்பரில், கருத்துரிமை, தொழிலுரிமை முதலியவற்றைக் குறித்த பிரிவில், கட்டுப்பாடுகள் ‘நியாயமான’ கட்டுப்பாடுகளாயிருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லைப் பண்டித டாகுர் தாஸ் பார்கவா திருத்தமாகக் கொடுக்க, சபை ஏற்றுக்கொண்டது. வாசற்கதவைத் தாழிட்டுவிட்டுப் புறக்கடைக் கதவை மறந்த வீட்டைப் போலாயிற்று. பீடி வழக்கின் மனுதாரர்கள் உள்ளே வந்தது அந்த வழியாகத்தான்.

ஜமீன் ஒழிப்பின் கதையை இங்கே விரிக்கத் தேவையில்லை. பீகார்ச் சட்டத்தைப் பாட்னா உயர்நீதிமன்றம் 1951 மார்ச்சில் தள்ளியதும், ஜூன் மாதத்தில் அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் வந்தது. 31-ஏ, 31-பி என்ற புதிய பிரிவுகளும், நீதிமன்றத்தின் கை எட்டாத ஒன்பதாம் அட்டவணையும் தோன்றின. அதில் முதலில் ஏறிய 13 சட்டங்களில் சென்னையின் 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் ஒன்று. 31-ஏ என்ற கேடயம் ‘எஸ்டேட்’ எனப்பட்ட நிலங்களைப் பற்றிய சட்டங்களுக்கே செய்யப்பட்டது என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ரயத்துவாரி நிலம் எஸ்டேட் ஆகாது. இடையாள் இல்லாமல் சர்க்காரோடு நேரே ஒட்டியிருந்த காரணத்தால் நூற்றைம்பது வருஷம் நீதிமன்றத்தின் நிழல்கூடப் படாமலிருந்த செஞ்சிப் பட்டாதார், அதே காரணத்தால் இப்போது அடிப்படை உரிமைகளின் முழு நிழலிலும் வந்து நின்றார். மன்றோ கனவிலும் காணாத விளைவு இது.

அந்த நிழலின் அருமை முதலில் தெரிந்தது நம் பழைய தென்னார்க்காடு ஜில்லாவின் தென்பகுதியில். நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது நீரோடு கரிய பொருள் வெளிப்பட்டதென்பதும், அதுவே பழுப்பு நிலக்கரியென்று பிற்பாடு தெளிந்ததும் இன்று பள்ளிப்பிள்ளைகளும் அறிந்தவை. சுரங்கத்துக்கு வேண்டிய நிலத்தைக் கையகப்படுத்த 1953-இல் சென்னை சர்க்கார் தனியாக ஒரு சட்டம் செய்தது. நிலத்துக்கு நஷ்டஈடு, எடுக்கும் நாளின் விலைப்படியன்று. 1947 ஏப்ரல் 28-ஆம் தேதி இருந்த விலையை மிஞ்சாதபடி. நிலக்கரியின் வாசனை பட்டு விலையேறிய நிலத்தை வாங்கி லாபமடிக்க எண்ணியவர்களை அடக்க இது நல்ல உபாயமென்று சர்க்கார் கருதியிருக்கலாம். ஆனால் அந்த உபாயம் முப்பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே உழுதுகொண்டிருந்தவரையும் அதே தட்டில் வைத்து நிறுத்தது. மேற்கு வங்காளத்திலும் இப்படியே 1946 டிசம்பர் 31 என்று ஒரு பழைய தேதியை வைத்து விலைபோட்ட சட்டத்தை, அதே 1953-இன் டிசம்பரில், பேலா பானர்ஜி வழக்கில், தமிழரான தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரியார், நஷ்டஈடென்றால் இழந்த பொருளுக்கு ஈடான விலையென்றே பொருள் என்று சொல்லித் தள்ளிவிட்டிருந்தார். நெய்வேலிச் சட்டமும் அவ்வழியே சென்றது. சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. சர்க்கார் மேல்முறையீடு செய்ய, நமசிவாய முதலியார் வழக்கில் 1964-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதற்குள் 1957-இல் பிரதமர் நேரு வந்து சுரங்கவேலையைத் தொடங்கிவைத்து ஏழாண்டு ஆகியிருந்தது. தீர்ப்பினால் சுரங்கம் நிற்கவில்லை, நிற்கவும் தேவையில்லை. விலையைத்தான் நீதிமன்றம் கேட்டது. பொதுக் காரியத்துக்கு நிலம் எடுப்பதை நீதிபதிகள் தடுத்தார்கள் என்று பேசுவோர் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

இனி உச்சவரம்புக்கு வருவோம். காமராஜ் மந்திரிசபையில், மாணிக்கவேலு நாயக்கர் வருவாய் மந்திரியாயிருந்த காலத்தில், நில உச்சவரம்பு மசோதா 1960 ஏப்ரலில் வெளிவந்தது. 1961-ஆம் ஆண்டின் 58-ஆவது சட்டமாகி, மறு வருஷம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது. ஐந்து பேருக்கு மேற்படாத குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர். அதற்கு மேல் ஒவ்வொருவருக்கும் 5 ஏக்கர் கூடுதல். எப்படியும் 60-ஐத் தாண்டக் கூடாது. ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது கிஸ்தித் தீர்வையைக் கொண்டு கணக்கிடப்படுவதாகையால், நல்ல நன்செயில் ஓர் ஏக்கர் நிற்குமிடத்தில், செஞ்சிப் பக்கத்துக் கடலைக் கொல்லையில் அதன் பல மடங்கு நிற்கும். ஆகையால் நம் தாலுகாவில் இச்சட்டம் நேரே தொட்டது மிகச் சிலரையே, பயந்ததோ பலர். தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கும் பொது அறநிலையங்களுக்கும் விலக்கு இருந்தது என்பது அந்தப் பயத்தோடு சேர்ந்த மனக்குறை. 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி, இத்தகைய சட்டங்களைச் சொத்துரிமையின்மேல் விழுந்த இடியென்று ஊர் ஊராகப் பேசிவந்தார்.

மசோதா சட்டமாகிக்கொண்டிருந்தபோதே அபாய அறிவிப்பு வடக்கேயிருந்தல்ல, மேற்கேயிருந்து வந்தது. கேரளத்தின் விவசாய உறவுச் சட்டத்தை, பழைய சென்னை ராஜ்யத்தின் தென்கன்னட ஜில்லாவிலிருந்து கேரளத்தோடு சேர்ந்த காசர்கோடு, ஹோஸ்துர்க் தாலுகாக்களின் ரயத்துவாரி நிலங்களைப் பொறுத்தமட்டில், 1961 டிசம்பரில் கரிம்பில் குஞ்ஞிகோமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. தேயிலைக்கும் ரப்பருக்கும் காட்டிய தயவைப் பாக்குக்கும் மிளகுக்கும் காட்டாததேன், குடும்பம் என்று சட்டம் வகுத்த செயற்கைக் கூட்டம் எந்த நியாயத்தில் வந்தது, நஷ்டஈட்டுத் தொகை பெருகப் பெருக அதில் வெட்டும் பெருகுவதேன் என்பவை அங்கே எழுந்த கேள்விகள். பின்னிரண்டு குற்றமும் சென்னைச் சட்டத்தில் அப்படியே இருந்தன. அவற்றைத் திருத்தாமலே சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்ததைச் சட்ட இலாகாவின் தைரியம் என்பதா, அசிரத்தை என்பதா? இரண்டாவதே என் அபிப்பிராயம்.

குடும்பத்தைப் பற்றிய குற்றம் கற்பனையான ஓர் உதாரணத்தால் எளிதில் விளங்கும். அடுத்தடுத்த வீட்டில் இரு பங்காளிகள். இருவருக்கும் பிதுரார்ஜிதமாக ஆளுக்கு 90 ஸ்டாண்டர்டு ஏக்கர். இருவருக்கும் இரண்டிரண்டு ஆண்பிள்ளைகள். மிதாட்சர முறைப்படி மகன் பிறக்கும்போதே தகப்பனோடு சமபங்கு உடையவன். மூத்த பங்காளியின் பிள்ளைகள் மேஜரானவர்கள். ஆகவே தகப்பனுக்கு 30, பிள்ளைகளுக்கு 30, 30. சர்க்காருக்கு ஒரு சென்ட்டும் இல்லை. இளைய பங்காளியின் பிள்ளைகளோ பத்தும் பன்னிரண்டும் வயதினர். தாய் தகப்பனோடு சேர்த்து நால்வரும் சட்டத்தின் கண்ணில் ஒரே குடும்பம். 30 ஏக்கர் போக 60 ஏக்கர் உபரி. வயது தவிர இவ்விரு வீட்டுக்கும் வேற்றுமை ஏது? கிருஷ்ணசாமி நாயுடு வழக்கில், 1964 மார்ச்சில், குடும்பத்தைப் பற்றிய இவ்விதியும் நஷ்டஈட்டு விதியும் சமத்துவத்தைக் கூறும் 14-ஆம் பிரிவுக்கு முரண்பட்டவை, இவையின்றிச் சட்டம் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சட்டம் முழுவதையும் தள்ளியது. நிலத்துக்கு உச்சவரம்பு கட்டுவதே தவறென்று அந்தத் தீர்ப்பில் ஓரிடத்திலும் சொல்லப்படவில்லை. லாக்னர் வழக்கின் நீதிபதிகளைப் போலப் பொருளாதாரத் தத்துவம் எதையும் அவர்கள் போதிக்கவுமில்லை. திருத்தி எழுதினால் மறுபடி வரலாம் என்ற வகையான குற்றங்களே அவர்கள் கண்டவை.

திருத்தி எழுதுவதைக் காட்டிலும் எளிய வழி டில்லியில் இருந்தது. 1964 ஜூன் 20-இல் அமலுக்கு வந்த பதினேழாவது திருத்தம், ‘எஸ்டேட்’ என்ற சொல்லுக்குள் ரயத்துவாரி நிலத்தையும் கொண்டுவந்து சேர்த்தது. ஒன்பதாம் அட்டவணையில் 44 சட்டங்களை ஒரே நாளில் ஏற்றியது. மூன்று மாதத்துக்கு முன்னே மாண்ட சென்னை உச்சவரம்புச் சட்டம் அவற்றோடு உயிர்த்தெழுந்தது. இளைய பங்காளிக்கு இழைத்த அநியாயமும் உடன் எழுந்தது. சொந்தப் பயிர் செய்யும் நிலம் உச்சவரம்புக்குள் அடங்கியதாயின், அதைச் சந்தை விலைக்குக் குறையாமல் கொடுத்தாலன்றிச் சர்க்கார் எடுக்கலாகாது என்று அதே திருத்தத்தில் ஒரு பாதுகாப்பு இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறு பட்டாதாருக்கு அந்தப் பதினான்கு ஆண்டுகளில் மிஞ்சிய உருப்படியான லாபம் அது ஒன்றே என்பேன். பிற்பாடு கோலக்நாத் வழக்கில் 1967-இல் நீதிமன்றம் பெரிய வார்த்தைகள் பேசியபோதுங்கூட, பதினேழாவது திருத்தத்தைக் கலைக்காமல் இருந்தபடியே விட்டுவைத்தது. சொத்துரிமையை அடிப்படை உரிமைகளிலிருந்து நீக்கிய மாறுதல் அமலுக்கு வந்ததும் தற்செயலாக ஒரு ஜூன் 20-ஆம் தேதிதான், வருஷம் 1979.

இவ்வழக்குகளின் பெயர்களைப் புரட்டிப் பார்த்தால் நாயுடுவும் முதலியாரும் தறவாட்டுக்காரரும் தென்படுவார்களே தவிர, உபரி நிலம் எவனுக்காக எடுக்கப்படுவதாகச் சொல்லப்பட்டதோ அந்தப் பண்ணையாள் ஒருவனும் வாதியாகவோ பிரதிவாதியாகவோ தென்படமாட்டான். பீடி வழக்கிலாவது ஒரு தொழிலாளி தன் பெயரில் வந்து நின்றான். நிலமற்றவனுக்கு நீதிமன்றம் எதையும் மறுக்கவில்லை. அவனை அது காணவேயில்லை. அவன் இழந்தது காலத்தை. 1960-இல் மசோதா வெளியானது முதல் நோட்டீஸ், ஆட்சேபம், தீர்ப்பு, திருத்தம் என்று கடந்த ஒவ்வொரு வருஷமும், காகிதம் எழுதவும் எழுதிவைக்கவும் தெரிந்தவர்களுக்கு அனுகூலமாயிற்று. மைனர்கள் மேஜரானார்கள், கூட்டுக் குடும்பங்கள் பிரிந்தன, சார்பதிவாளர் அலுவலகங்களில் பாகப்பிரிவினைப் பத்திரங்கள் பெருகின. 1960 ஏப்ரல் 6-க்குப் பின் சட்டத்தை ஏய்க்கச் செய்த கைமாற்றங்கள் செல்லாவென்று விதி இருக்கத்தான் இருந்தது. ஏய்க்கும் நோக்கத்தை நிரூபிப்பதோ வேறு காரியம்.

இந்நிலையில் ஆட்சி மாறி, முப்பதைப் பதினைந்தாகக் குறைக்கும் மற்றொரு சட்டத்தைக் கருணாநிதி மந்திரிசபை 1970-இல் கொண்டுவந்தது. கணக்குத் தேதி அவ்வருஷம் பிப்ரவரி 15. அச்சட்டம் செஞ்சித் தாலுகாவின் கிணற்றுப் புன்செய்களில் எப்படி நடந்தேறியது, கர்ணங்களின் அடங்கல் கணக்கு அதில் வகித்த பாகம் என்ன என்பவற்றை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)